மூலையிலிருந்து எண்பது அடி

சாப்பாட்டு மேசையில் விரித்த தாளின் மேல் சிஸ்டர் இரண்டு விரல்களை வைத்து, போனில் செய்வதுபோல் அகட்டிப் பார்த்தார். தாள் பெரிதாகவில்லை. மறுபடியும் அகட்டினார். பிறகு நிமிர்ந்து, எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்ற கணவரைப் பார்த்து, "பெரிசாக மாட்டேங்குதே, ரிப்பேரா?" என்றார்.

இருபத்தாறு வருடமாகத் தாளில் மேப் போட்டுப் பிழைக்கிற மனிதரை இதைவிட மோசமாகக் கிண்டல் செய்ய முடியாது. ஆனாலும் மேப்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், ஆபரேஷன் தேதியும் அதோடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் பொறுமையாக, "என்ன தெரியல, சொல்லு" என்றார்.

"எல்லாம் தெரியுது. அதான் கஷ்டம். இந்தா போஸ்ட் ஆபீஸ், இந்தா பேங்க், இங்க ஒரு பேங்க், பெட்ரோல் பங்க், ஸ்கூல். என் ஆளுங்க எங்க? இந்த எறும்புக் கூட்டத்துக்குள்ளயா?" அவர் விரல் வைத்த இடத்தில், பழைய சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்துகளெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பெயர்கள் பெயர்களோடு மோதி, ஒரு கறுப்புத் திட்டாகக் கிடந்தன. மேப்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கறுப்புத் திட்டு அப்படியேதான் இருந்தது.

விஷயம் இதுதான். சிஸ்டர் ஒரு சின்ன கிளினிக்கிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ். அந்த வட்டாரத்தில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. காய்கறிக்காரர் முதல் கிளினிக்கின் டாக்டரம்மா வரை எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். கணவர் ஒருவரால்தான் அப்படிக் கூப்பிட முடியாது; அதனால் அவர் 'இங்க பாரு' என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டார். சிஸ்டரின் ரவுண்டில் பதினாலு பேர். காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டியவர்கள் மூன்று பேர், புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியவர்கள் ஐந்து பேர், மற்றவர்களுக்கு பிரஷர், மாத்திரை, கொஞ்சம் பேச்சு. இந்தப் பதினாலு பேரையும் ஆறு வருடமாக நடந்தே பார்த்து வந்ததில் சிஸ்டரின் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. மூட்டு மாற்ற வேண்டும், இரண்டு மாதம் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. இரண்டு தடவை தேதி குறித்தார்கள். இரண்டு தடவையும் சிஸ்டர் தள்ளிப்போட்டார். தனக்குப் பதிலாக யார் போனாலும் வழி தெரியாமல் முழிப்பார்கள், இன்சுலின் நேரம் தவறும், பதினாலு பேரும் திண்டாடிப்போவார்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். வலது காலில்தான், இடது காலில் நிற்க முடியாது.

இப்போது மூன்றாவது தேதி. இதற்குச் சரியாக மூன்று வாரம் இருந்தது. பதிலுக்குப் போக ஒரு நர்ஸையும் டாக்டரம்மா பிடித்துவிட்டார். ஊரின் மறுபக்கத்திலிருந்து வருகிற அந்தப் பெண்ணுக்கு வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அதனால் முதல் நாளே 'நெட்டை' என்று பெயர் விழுந்துவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. சிஸ்டர் அவளை ஒருநாள் கூடவே கூட்டிக்கொண்டு போய் எல்லா வீட்டையும் காட்டினார். மறுநாள் கேட்டால் நெட்டைக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஒரே நாளில் பதினாலு வீட்டைப் பார்த்தவளுக்கு எல்லாச் சந்தும் ஒரே சந்தாகத் தெரிந்திருக்கிறது. போனைப் பார்த்துப் போகலாமென்றால், அந்த உயரமான சுவர்களுக்கு நடுவே போனில் வரும் நீலப் புள்ளி தெரு விட்டுத் தெரு தாவுகிறது. அப்போதுதான் மேப்காரர் வாயைத் திறந்தார்: "நான் ஒரு மேப் போட்டுத் தரேன்."

சிஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். "போடுங்க. அந்தத் தாளை வச்சுக்கிட்டு அவ தனியா, யாரையும் கேக்காம, எனக்கு ஒரு போன்கூடப் போடாம ரவுண்டை முடிச்சான்னா நான் போய் டேபிள்ல படுக்கிறேன். இல்லேன்னா தேதியைப் பத்திப் பேசக் கூடாது."

மேப்காரர் சரி என்றுவிட்டார். பெரிய பெரிய பஸ் டிப்போவுக்கெல்லாம் மேப் போட்ட கை. பதினாலு வீடு என்ன பிரமாதம் என்று நினைத்தார்.

திரையில் பார்க்கிற மேப்புக்கும் தாளில் பார்க்கிற மேப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் ஆபீசில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவார். திரையில் வேண்டுமென்றால் உள்ளே போகலாம். போகப் போகப் புதுப் பெயர்கள் முளைக்கும், வெளியே வந்தால் மறைந்துவிடும். தாளுக்கு அந்த வசதி கிடையாது. ஓர் அளவில் நின்றுவிட வேண்டும். அந்த அளவில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று அச்சுக்குப் போகும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இதுதான் வேலை, மற்றதெல்லாம் பட்டன் அழுத்துவது என்பார். அப்படிப்பட்டவர் தன் வீட்டு விஷயம் என்றதும் ஒன்றையும் விட மனசு வராமல் எல்லாவற்றையும் போட்டுவிட்டார். முதல் தாள் அதனால்தான் எறும்புக் கூட்டமானது.

இரண்டாவது தாளில் எதிர்ப்பக்கமாக விழுந்தார். சென்டிமீட்டருக்கு நாற்பது மீட்டர் என்று அளவை வைத்து, பெயர்கள் ஒன்றோடொன்று மோதினால் முக்கியமில்லாததை நீக்கிவிடு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டார். தாள் பளிச்சென்று வந்தது. சிஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார் கடைசியில். "ஆனா சந்து ஒண்ணையும் காணோமே."

கம்ப்யூட்டர் அகலத்தைப் பார்த்து மரியாதை கொடுக்கிற ஆசாமி. பெரிய சாலையின் பெயர் முதலில் உட்காரும், அடுத்து நடுத்தரச் சாலை, இடம் மிஞ்சினால்தான் சந்து. சிஸ்டருடைய பதினாலு பேரில் பதினோரு பேர் ஆறடி அகலம்கூட இல்லாத சந்துகளில் இருந்தார்கள். முக்கியமில்லாததை நீக்கு என்றதும் கம்ப்யூட்டர் அவர்களைத்தான் நீக்கியிருந்தது. மேப்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. யார் முக்கியம் என்று அவர் அதனிடம் சொல்லவே இல்லை.

மூன்றாவது தாளுக்கு சிஸ்டரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். தாளை இரண்டாகப் பிரித்தார்: மேல் பாதியில் முழு ரவுண்டும் சின்ன அளவில், கீழ்ப் பாதியில் சந்துகள் மட்டும் சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர் என்று பெரிய அளவில். இரண்டு பேங்கும் போயின. ஸ்கூல் போயிற்று. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டார்.

"பேக்கரி மூலையில திரும்பினா ஒரே சுவர். அதுல ஒண்ணும் தெரியாது. மூலையிலேர்ந்து எண்பது அடி, பம்ப் ரூம். பம்ப் ரூம்லேர்ந்து நாப்பது அடி, இடது கை, பச்சைக் கதவு. அங்க முதல் இன்சுலின். எதிர்ச் சந்துல திரும்பி முப்பத்தஞ்சு அடி, மாடிப்படி..."

சிஸ்டர் எண்ணாமல் எதையும் செய்ய மாட்டார். நாடியை எண்ணி எண்ணி வந்த பழக்கம் அது. மாடிப்படி, தோசைக் கரண்டியின் தட்டல், கணவரின் குறட்டை, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் எண் இருந்தது. மேப்காரர் சந்தோஷமாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, புள்ளிக்குப் பக்கத்திலேயே எத்தனை அடி என்றும் போட்டார். தாள் அச்சாகி வந்தபோது சிஸ்டர் முதல்முறையாகக் குறை ஒன்றும் சொல்லவில்லை. மேப்காரர் அன்று இரண்டு தடவை காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

வியாழக்கிழமை காலை நெட்டை அந்தத் தாளோடு கிளம்பினாள். சிஸ்டர் பேக்கரி வாசல் பெஞ்சில், ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் ஆகவில்லை, போன் அடித்தது.

"சிஸ்டர், இது சலூன்."

"சலூனுக்கு ஏன் போனே?"

"மேப்புல புள்ளி வச்ச இடத்துல வெறும் சுவர்தான் இருக்கு. சரி, அடியை எண்ணிப் பாப்போம்னு எண்ணினேன். நாப்பது சரியா எண்ணினேன் சிஸ்டர், சத்தியமா. சேர்ல உக்காருங்க, முடி வெட்டணுமான்னு கேக்கறாரு."

சிஸ்டர் எழுந்து சலூனுக்கே போய், அவளிடமிருந்து தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த வலிக்கிற காலோடு மீதி ரவுண்டைத் தானே முடித்தார். மதியம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தார். "பாத்தீங்கல்ல?" என்றார். குரலில் கோபம் இல்லை. ஜெயித்த குரலும் இல்லை. அதுதான் மேப்காரருக்குப் பொறுக்கவில்லை. "தேதியை மாத்திடுவோம்ங்க. என்னால முடியற வரைக்கும் நடக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டயம் குடு" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேப்காரர் ஆபீசிலிருந்து கொண்டுவந்த நீள டேப்பைத் தூக்கிக்கொண்டு பேக்கரி மூலைக்குப் போனார். ஆறு வருடத்தில் அவர் அந்தச் சந்துக்குள் கால் வைத்ததில்லை. திரையில் மேலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே நுழைந்தால் மேலே வானம் ஒரு துண்டுதான் தெரிந்தது. சுவர் சிஸ்டர் சொன்னது போலவே ஒன்றும் தெரியாத சுவர். கதவில்லை, எண்ணில்லை, ஒரு விளம்பரம்கூட இல்லை. டேப்பின் ஒரு முனையை மூலைக் கல்லில் மாட்டிவிட்டுப் பின்பக்கமாகவே நடந்தார். பம்ப் ரூமின் தகரக் கதவு முதுகில் இடித்தபோது பார்த்தால் முப்பத்தாறு மீட்டர். அவர் தாளில் பம்ப் ரூம் இருந்ததோ இருபத்துநாலு மீட்டரில்.

டேப்பை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். எண்பது அடி என்று சிஸ்டர் சொன்னதை, நிலம் அளக்கிறவர்களோடு பழகிப் பழகிக் கெட்டுப்போன அவர் மூளை, ஸ்கேலில் பன்னிரண்டு அங்குலம் இருக்குமே அந்த அடியாக எடுத்துக்கொண்டு மீட்டராக மாற்றிவிட்டது. சிஸ்டர் சொன்னது தன் காலடி. புள்ளிகள் எல்லாம் வீடு வருவதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டன. நெட்டையோ எண்ணை நம்பித் தன் நீளக் காலால் நாற்பது போட்டுப் பச்சைக் கதவைத் தாண்டி நாலு வாசல் போய்விட்டாள். ஒரே சொல்லை மூன்று பேரும் மூன்று அளவில் வைத்திருந்திருக்கிறார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. கையில் டேப்பும் குறிப்புத் தாளுமாகத் தனியாகச் சந்துக்குள் நின்று சிரிக்கிற ஆளை, பச்சைக் கதவுக்கு வெளியே வந்த ஒரு பெரியவர் உற்றுப் பார்த்தார். வாசலோரம் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "உக்காந்து எழுதுங்களேன். ஞாயித்துக்கிழமை அது சும்மாத்தான் கிடக்கும்" என்றார். மேப்காரரும் உட்கார்ந்து, நன்றி சொல்லி, எழுதி முடித்துவிட்டு வந்தார். ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். முப்பத்தாறு மீட்டரை எண்பதால் வகுத்தால் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அதுதான் சிஸ்டரின் ஓரடி. இனி இதை வைத்து எல்லாப் புள்ளியையும் சரியான இடத்துக்குத் தள்ளிவிடலாம். வேலை முடிந்தது என்று பேனாவை மூடியவர் மறுபடி திறந்தார். நாற்பத்தைந்து சென்டிமீட்டரா? வராந்தாவில் தானே நடந்து பார்த்தார். அவருக்கே அறுபத்தொன்பது வந்தது. கல்யாணமான புதிதில் கடைவீதிக்குப் போனால் இவள் முன்னால் போய்க்கொண்டே இருப்பாள், இவர்தான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, 'கொஞ்சம் மெதுவாப் போயேன்' என்று கெஞ்சுவார். அந்தக் கால்கள் நாற்பத்தைந்து சென்டிமீட்டரில் எப்போது வந்து நின்றன?

சிஸ்டர் ரவுண்டுக்காக வருடத்துக்கு ஒரு நோட்டுப் போடுவார். புது நோட்டுப் போட்டால் பழைய எண்ணை நம்பி எழுத மாட்டார். எல்லாவற்றையும் புதிதாக எண்ணித்தான் எழுதுவார். நோட்டுகள் துணி அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. மேப்காரர் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார். முதல் வருடத்து நோட்டில் முதல் பக்கம், முதல் வரி: 'மூலை – பம்ப் ரூம் 60.' மூன்றாவது வருடம் 66. போன வருடம் 74. இப்போது 80. சுவர் நகரவில்லை, பம்ப் ரூமும் நகரவில்லை. முப்பத்தாறு மீட்டர் முப்பத்தாறு மீட்டராகத்தான் இருந்தது.

அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க அளவுகோலோடு கிடக்கிற மனுஷன். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் திருப்பி அச்சடிக்கிறவர். பக்கத்தில் நடக்கிறவளின் அடி வருடா வருடம் சுருங்கிக்கொண்டு வந்ததைக் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருந்ததற்கும் காரணம் இருந்தது என்று இப்போது புரிந்தது: அவளோடு நடக்கும்போது அவரும் தன் அடியைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறார், தனக்கே தெரியாமல். அழுகை வரும்போல் இருந்தது. வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

சிஸ்டர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மேப்காரர் முதல் நோட்டைத் திறந்து அவர் மடியில் வைத்தார்.

"இந்த அறுபது, எப்போ எண்பதாச்சு?"

சிஸ்டர் நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஒரு சட்டையை எடுத்து மடித்து வைத்தார். இன்னொன்றை எடுத்து மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"மெதுமெதுவாத்தான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே, கால் வலிக்குதுன்னு."

"வலிக்குதுன்னு சொன்னே. இவ்வளவுன்னு சொல்லல."

"வலியை எந்த ஸ்கேல்ல சொல்றது?" என்றார் சிஸ்டர். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இரங்கி, "பரவாயில்ல. மேப்பு போட்டாவது கண்டுபிடிச்சீங்களே" என்று மடித்த சட்டையால் அவர் தோளில் ஒன்று போட்டார். மூன்றாவது வகை அடி அல்ல, நாலாவது. அது அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

நான்காவது தாளை அவர் யாரையும் கேட்காமல் போட்டார். புள்ளிகள் டேப் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தன. அடி எண்ணிக்கையை எல்லாம் எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அந்த ஒன்றும் தெரியாத சுவரை, பேக்கரி மூலையிலிருந்து பம்ப் ரூம் வரைக்கும், மூணரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு தடித்த கோடாகப் போட்டு, பத்துச் சம பாகமாகப் பிரித்து, அதன் தலைமேல் ஒரு சின்ன வெற்றுக் கட்டம் வைத்தார். பக்கத்தில் எழுதினார்: 'முதல் நாள் இந்தச் சுவரோரம் நடக்கவும். உங்கள் காலடி எத்தனை என்று எண்ணிக் கட்டத்தில் எழுதிக்கொள்ளவும். இதுதான் உங்கள் அளவுகோல்.' சென்டிமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று எழுதவே இல்லை. கிளினிக் பிரிண்டரில் யாராவது 'ஃபிட் டு பேஜ்' என்று அழுத்தித் தாளைச் சுருக்கினாலும், சுவரும் சந்தும் சேர்ந்தே சுருங்கும், கணக்குப் பொய்க்காது. அந்த மூன்று வார்த்தைகளை உண்டாக்கிய ஆளை அவர் என்றைக்காவது சந்திக்க விரும்பினார், சண்டை போட.

சிஸ்டர் தாளைப் பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார். இந்தத் தடவை அது குறையாகக் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை நெட்டை தனியாகக் கிளம்பினாள். சிஸ்டர் பேக்கரி பெஞ்சுக்குப் போகக் கூடாது என்று மேப்காரர் சொல்லிவிட்டார். தானும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். போன் மேசை நடுவில் கிடந்தது. இருவரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழே கால் ஆயிற்று, பச்சைக் கதவு நேரம். ஏழரை, மாடிப்படி. எட்டு மணிக்குப் போன் அடித்தபோது இருவரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள். சலுகை விலையில் மெத்தை விற்கிறவர். மேப்காரர் அவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பதினோரு மணிக்கு சிஸ்டர், "கட்டு மாத்தற பாட்டி வீட்டுல அவ எப்படியும் மாட்டிக்கிட்டிருப்பா, அந்தம்மா விடாது பேசும்" என்றார். பன்னிரண்டரைக்குப் போனை எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தார். ஒன்றே முக்காலுக்கு வாசல் நிலையில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. "வந்துட்டா" என்றார் சிஸ்டர்.

நெட்டை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பதினாலு" என்றாள். "இன்சுலின் மூணும் டயத்துக்கு. சலூன்காரர்தான் வருத்தப்பட்டாரு, ஏன் வரலேன்னு."

தாளை எடுத்து விரித்தாள். கட்டத்தில் 48 என்று பேனாவால் எழுதியிருந்தது. மேப்காரர் மனசுக்குள் வகுத்து, எழுபத்தைந்து, என்று தலையாட்டிக்கொண்டார். அப்புறம்தான் கவனித்தார்: சந்துகளுக்குள் அவர் வைக்காத நாலு சின்னச் சதுரங்கள் இருந்தன. ஒன்று பச்சைக் கதவுக்குப் பக்கத்தில், ஒன்று மாடிப்படிக்குக் கீழே, இரண்டு மேட்டுச் சந்தில்.

"இது என்ன?"

"நாற்காலி சார். உங்க மேப்புல விட்டுப்போச்சு." நெட்டை சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள். "சிஸ்டருக்குன்னு வெளிய போட்டு வச்சிருக்காங்க. எங்கெங்க மூச்சு வாங்குவாங்களோ அங்கங்க. என்னையும் உக்காரச் சொன்னாங்க. நான் வேணாம்னேன், அது அவங்களோடதாச்சே. எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க: 'எப்போ ஆபரேஷன், இன்னும் எவ்வளவு நாள் இப்படி நடப்பாங்க?'ன்னு."

சிஸ்டர் எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே ஒரு வேலையும் இல்லை. குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேப்காரர் அந்தச் சிவப்பு நாற்காலியை நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் கணக்கு எழுதினார். பதினாலு வீட்டுக்கும் தெரிந்திருக்கிறது. அவள் தங்களை விட்டுப் போனால் திண்டாடிவிடுவோம் என்று அவர்கள் ஒருவரும் நினைக்கவில்லை. அவள் போய்ப் படுக்கட்டும் என்று வழியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். அவருக்குப் பொறாமை மாதிரி ஒன்று வந்தது, நன்றி மாதிரி ஒன்றும் வந்தது.

சிஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்தத் தேதி எப்போங்க, பதினெட்டா, பத்தொம்பதா?" என்று, தெரியாதவர் மாதிரி கேட்டார்.

"பதினெட்டு" என்றார் மேப்காரர்.

அன்று மாலை அவர் ஆபீசுக்குப் போய், பேங்கையும் ஸ்கூலையும் தூக்கியெறிந்த அந்தத் தாளில், நாலு நாற்காலிகளைச் சேர்த்தார். மேப்பில் நாற்காலிக்கு என்று ஒரு குறி கிடையாது. நகருகிற பொருளை மேப்பில் போடக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம். அவர் ஒரு சின்ன நாற்காலியைத் தானே வரைந்து, நாலு இடத்திலும் வைத்து, சிவப்பு நிறம் கொடுத்தார்.

பத்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், சிஸ்டர் கைத்தடியோடு பேக்கரி மூலைக்கு வந்தார். சந்துக்குள் நடக்க டாக்டர் அனுமதி கொடுத்தது அதற்கு முதல் நாள்தான். ஊன்றுகிற சத்தமும் செருப்புச் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பின. மேப்காரர் இரண்டடி பின்னால் வந்தார். யாருடைய அடி என்று கேட்காதீர்கள். அவரும் வாய்க்குள் எண்ணிக்கொண்டுதான் வந்தார். ஆனால் நாற்பதுக்குப் பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது. முன்னால் போகிற காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் தப்பிவிட்டது. அவர் தன் அடியைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது.

பம்ப் ரூமின் தகரக் கதவைத் தொட்டு சிஸ்டர் நின்றார். பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு நாற்காலி கிடந்தது. அதைப் பார்த்தார், உட்காரவில்லை. மூச்சு வாங்கியது, முகம் வேர்த்திருந்தது. "எத்தனை?" என்றார் மேப்காரர்.

"அறுபத்தெட்டு."

மேப்காரர் பையிலிருந்து புதுத் தாளை எடுத்துக் கொடுத்து, கூடவே பேனாவையும் நீட்டினார். சிஸ்டர் பேனாவை வாங்காமல், தன் பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு துண்டுப் பென்சிலை எடுத்தார். தாளைத் தகரக் கதவின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, அந்தச் சின்னக் கட்டத்துக்குள், அழித்தால் தடம் தெரியாத அளவுக்கு லேசாக, 68 என்று எழுதினார்.